பூட்டு எடுத்த செட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறை மேசைக்கு வந்தான். துணியில் சுற்றியிருந்த வயர்லெஸ் கைச் செட்டைத் தங்கையின் முன்னால் வைத்தான்.

"பாப்பா, இதுல ஒரு சின்ன வேலை இருக்கு. உன்னால மட்டும்தான் முடியும்."

பாப்பாவுக்கு முப்பத்தொன்பது வயது. இருபது மாடிக் கட்டடங்களின் உச்சியில் ஏறி லிஃப்ட் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவள். வேலை செய்யும் இடங்களில் காவலாளிகள் எழுந்து நின்று சாவி கொடுப்பார்கள். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. அப்படிக் கூப்பிட அவனைத் தவிர வேறு ஆளும் இல்லாததால் அவளுக்கு அது பிடித்திருந்தது.

அமெச்சூர் ரேடியோ அவளுடைய பொழுதுபோக்கு. தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, அதற்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும் பேசிக்கொள்கிறவர்களின் சங்கத்தில் பதினோரு வருடமாக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணனும் அதே தேர்வை எழுதித் தேறியிருந்தான். பாதிக் கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை எழுதியதாக அவனே சிரித்துச் சிரித்துச் சொல்வான். அவன் தொழில் கிரேன் லாரி. மலைச் சாலையில் நின்றுபோன வண்டிகளையும் மோதி நொறுங்கிய வண்டிகளையும் கொக்கியில் மாட்டி இழுத்து வருவான்.

அவன் கேட்ட வேலை என்னவென்று செட்டைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த மாதிரிச் செட்டில் எல்லா அலைவரிசையையும் கேட்கலாம். பேச மட்டும் முடியாது. அமெச்சூர்களுக்கு உரிய இடத்தைத் தாண்டினால் பேசும் பொத்தான் ஊமையாகிவிடும். தொழிற்சாலையிலேயே அப்படி ஒரு பூட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். பூட்டு என்பது உள்ளே இருக்கும் ஒரே ஒரு சின்ன ரெசிஸ்டர்தான். அதை எடுத்துவிட்டால் போலீஸ், தீயணைப்பு, சாலை மீட்பு மையம் என்று யாருடைய சேனலிலும் நுழைந்து பேசலாம்.

"மாட்டேன்" என்றாள். "பிடிச்சாங்கன்னா என் லைசன்ஸ் போயிடும். உன்னுதும்தான்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"போன மாசம் மூணாவது வளைவுல ஒரு லாரி கவுந்துச்சு. டிரைவர் என் மடியிலதான் கிடந்தான், பாப்பா. போன்ல ஒரு கோடு சிக்னல் இல்ல. என் இடுப்புல இந்தச் செட் தொங்குது. மீட்பு மையத்துல பேசுறது எல்லாம் கேக்குது. ரெண்டு மைல் தள்ளி ஒரு மீட்பு வண்டி சும்மா நிக்குதுன்னு கேக்குது. என்னால ஒரு வார்த்தை திருப்பிப் பேச முடியல. தண்ணி கேட்டான். குடுக்கறதுக்குள்ள போயிட்டான்."

அவன் கண் கலங்கியிருந்தது. அண்ணன் அழுது அவள் பார்த்தது அப்பா போனபோது ஒருமுறைதான்.

"உயிர் போற நேரத்துல மட்டும்" என்றாள் அவள் கடைசியில். "வேற எதுக்கும் அந்தப் பொத்தானை அமுக்கக் கூடாது."

"அம்மா மேல சத்தியம்."

மேசையில் வெள்ளைத் துண்டை விரித்தாள். பேட்டரியைக் கழற்றினால் அடியில் இரண்டு திருகுகள். தலைப்பக்கம் குமிழ்களைப் பிடுங்கினால் இரண்டு வட்ட நட்டுகள். ஸ்பீக்கருக்குப் போகிற வயர் மயிரிழை போல இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அதோடு கதை முடிந்தது. உள்ளே இருந்த பலகையை மெல்ல வெளியே எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தாள். ஓரத்தில் ஐந்து ரெசிஸ்டர்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதுதான் பூட்டு, கடுகில் பாதிகூட இல்லை. அதன் இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி, ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோலால் தொட்டாள். ஈயம் பளபளத்து இளகியது. சாமணத்தின் முனையில் ஒட்டிக்கொண்டு ரெசிஸ்டர் வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. செட்டை மூடி, இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தியபடி ஆன் செய்ததும் அதன் ஞாபகத்தில் இருந்தது எல்லாம் அழிந்து புதிதாகப் பிறந்தது போல விழித்துக்கொண்டது.

அண்ணன் அவள் தலையில் கை வைத்து, "நீ புண்ணியம் பண்ணிட்ட, பாப்பா" என்றான். போகும்போது விசிலடித்துக்கொண்டே படியிறங்கினான்.

மூன்று மாதம் கழித்துச் சங்கத்தின் செயலாளர் அவளைத் தேடி வேலையிடத்துக்கே வந்தார். பல் டாக்டர், அறுபது வயது, யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். அன்று அவர் யார் பல்லையும் பார்க்கவில்லை.

"யாரோ ஒருத்தன் மீட்பு மையத்தோட சேனல்ல புகுந்து விளையாடறான்ம்மா. மையத்து ஆள் மாதிரியே பேசி, விபத்துக்குக் கிளம்பின மீட்பு வண்டியைத் திருப்பி அனுப்பிடறான். 'தகவல் தப்பு, திரும்பி வாங்க'ன்னு. நாலஞ்சு தடவை நடந்துடுச்சு. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ரொட்டி வேன் பாறையில மோதிடுச்சு. ஓட்டினது ஒரு பொண்ணு. கால் மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கிடந்திருக்கு. வெட்டி எடுக்கற சாமான் மீட்பு வண்டியிலதான் இருக்கும். அந்த வண்டியைத்தான் இவன் திருப்பி விட்டுட்டான். பாதத்தை எடுத்துட்டாங்க."

"நம்ம ஆளா இருக்கும்னு சந்தேகப்படறாங்களா, டாக்டர்?"

"பூட்டு எடுத்த செட்டுன்னா நம்மளத்தானே முதல்ல கேப்பாங்க? கண்டுபிடிச்சுக் குடுத்தா சங்கத்துக்கு மானம் மிஞ்சும். சிக்னல் எங்கிருந்து வருதுன்னு மோப்பம் பிடிக்கறதுல உன்னை மிஞ்ச ஆள் இல்ல."

அவர் போனதும் அவள் மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அந்தச் செட் எங்க?"

"எந்தச் செட்? ஓ, அதுவா! போன மாசமே தண்ணியில விழுந்து போயிடுச்சு. உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு சொல்லல. ஏன், என்னாச்சு?"

"நிஜமாவா?"

"உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது, பாப்பா?"

நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கியது. சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டாள். அன்று மாலையே இரும்பு அளவு நாடாவை வெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி ஒரு திசை ஆன்டெனா செய்தாள். அதை எந்தப் பக்கம் திருப்பும்போது குரல் ஓங்கிக் கேட்கிறதோ அந்தப் பக்கம்தான் பேசுகிற ஆள் இருப்பான். ஒரு இடத்திலிருந்து பார்த்தால் ஒரு கோடு கிடைக்கும். இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஆளைப் பிடித்துவிடலாம்.

அவளுக்குத்தான் நகரத்துக் கட்டடங்களின் உச்சிச் சாவிகள் எல்லாம் உண்டே. இரண்டு நாள் ஒவ்வொரு மொட்டை மாடியாகக் காத்திருந்தாள். டாக்டர் மலையடிவாரத்தில் தன் காரில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் பிற்பகலில் மையம் எட்டாம் எண் மீட்பு வண்டியை அனுப்பியது. அது கிளம்பிய மறு நிமிடம் ஒரு கட்டைக் குரல் குறுக்கே வந்தது. வாயில் துணி வைத்துப் பேசுவது போலிருந்தது.

"எட்டு, எட்டு. ஆள் யாரும் சிக்கல. திரும்பி வாங்க."

ஐந்து நொடிதான். அதற்குள் ஆன்டெனாவைத் திருப்பித் திசையைக் குறித்துக்கொண்டாள். டாக்டர் தன் திசையைச் சொன்னார். கைப்பிடிச் சுவரில் வரைபடத்தை விரித்து இரண்டு கோடுகளையும் இழுத்தாள். பழைய எடை மேடைக்குப் பின்னால் ஒரு திறந்தவெளிக் கொட்டடியில் அவை வெட்டிக்கொண்டன. அண்ணன் லாரி நிறுத்தும் இடம்.

ரப்பரால் அழித்துவிட்டு மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் அங்கேதான். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பட்டறைகள் இருக்கின்றன, அவற்றில் யாராவது இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"டாக்டர், கிட்டப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"தனியாப் போகாத, நானும் வரேன்."

"பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்றேன் இல்ல!"

பதினோரு வருடத்தில் அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

கொட்டடியின் தகரக் கதவு ஒருக்களித்திருந்தது. கிரேன் லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் பின்பக்கமாக நடந்து ஓட்டுநர் கதவுக்குக் கீழே போய் நின்றாள். இடுப்பில் இருந்த அவளுடைய செட்டில் மீட்பு வண்டிக்காரன் கேட்டான்: "எட்டு பேசறேன். இன்னும் வழியிலதான் நிக்கறேன். உறுதியாத் திரும்பலாமா?"

தலைக்கு மேலே, ஜன்னலுக்குள்ளிருந்து, "உறுதி. திரும்புங்க" என்றது அண்ணனின் குரல். அதே நொடியில் அதே சொற்கள் அவள் இடுப்பிலிருந்தும் வந்தன.

அவள் கதவைத் திறந்தாள். அண்ணன் கையில் செட், வாயருகே கைக்குட்டை. திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டால் ஓடப் பார்ப்பான். அண்ணன் ஓடவில்லை. கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வா, பாப்பா. சாப்பிட்டியா?" என்றான்.

"இறங்கு."

இறங்கினான்.

"தண்ணியில விழுந்த செட்டா இது?"

"காய வெச்சேன். வேலை செய்யுது."

"சிரிக்காத. ஒரு பொண்ணுக்குக் கால் போயிருக்கு."

"எனக்குத் தெரியுமா அது மாட்டிக்கிச்சுன்னு? சும்மா மோதி நிக்குதுன்னு நினைச்சேன். அந்த மீட்பு வண்டி போச்சுன்னா வேனை அவனே இழுத்துட்டுப் போயிடுவான். நாங்க எல்லாம் வாயில விரலை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? ஒவ்வொருத்தனும் ஒரு வழி வெச்சிருக்கான். நான் இதை வெச்சிருக்கேன்."

அவள் வேறொன்று கேட்டாள். கொட்டடிக்கு வரும் வழியெல்லாம் கேட்கக்கூடாதென்று அடக்கி வைத்திருந்தது.

"உன் மடியில ஒரு லாரி டிரைவர் செத்தான்னியே. அவன் யாரு?"

அண்ணன் லாரிச் சக்கரத்தைப் பார்த்தான்.

"சொல்லு. அப்படி ஒருத்தன் இருந்தானா?"

"எங்கேயாவது செத்திருப்பான்" என்றான் அண்ணன். "அந்த ரோட்டுல சாகாதவனா?"

அந்தச் செத்தவனுக்காக அவள் மூன்று மாதமாக வருந்தியிருந்தாள். அவனுக்குக் குழந்தைகள் இருக்குமா என்றுகூட யோசித்திருந்தாள். அண்ணனின் கண்ணீரை நம்பித்தான் சூட்டுக்கோலை எடுத்தாள். அவளுக்கு எது வலிக்கும், எந்த இடத்தில் தட்டினால் திறப்பாள் என்று கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? தெரிந்து, அளந்து, சரியான இடத்தில் தட்டியிருக்கிறான்.

இடுப்பில் இருந்த செட்டில் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "என்னம்மா, ஆள் கிடைச்சானா?"

அவள் கை செட்டுக்குப் போனதும் அண்ணன் நெருங்கி வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், கோபம்கூட இல்லை.

"யோசிச்சுப் பேசு. பூட்டை எடுத்தது யாரு? நானா? எனக்கு ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். என்னைக் குடுத்தா நீயும்தான் வருவ. வேற எங்கேயோ காட்டிட்டுப் போ. நான் இன்னைக்கே இதை உடைச்சுப் போட்டுடறேன். உன் மேல சத்தியம்."

இந்த முறை சத்தியம் அவள் மேலேயே வந்திருந்தது. அதுதான் அவளை நிமிர வைத்தது.

பேசும் பொத்தானை அழுத்தினாள். "கிடைச்சாச்சு, டாக்டர். எட்டைத் திரும்ப விடாம அனுப்பச் சொல்லி மையத்துக்குப் போன் பண்ணுங்க. எடை மேடைக்குப் பின்னாடி இருக்கற கிரேன் கொட்டடி. என் அண்ணன்தான். செட்டுல பூட்டை எடுத்துக் குடுத்தது நான்."

டாக்டர், "சரிம்மா. அங்கேயே இரு. வரேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலுவலகங்களில் நடந்தது. தொலைத்தொடர்பு ஆய்வாளர் ஒருவர் அவள் வீட்டுக்கு வந்து சூட்டுக்கோல், உருப்பெருக்கி, மூன்று செட்டுகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்துப் போனார். சங்கத்தில் அவள் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டார்கள். அதை எல்லாம் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது, ஆய்வாளர் மேசையில் திருப்பி வைத்துப் படிக்கச் சொன்ன அண்ணனின் வாக்குமூலம்.

'எனக்கு இந்தக் கருவி பற்றி ஒன்றும் தெரியாது. என் தங்கைதான் திருத்தி என் கையில் கொடுத்தாள். தொழிலுக்கு உதவும், தைரியமாகப் பேசு என்று அவள் சொன்னதால்தான் பேசினேன்.'

கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி விட்டிருந்தான், எப்போதும் போல.

மறுநாள் அண்ணி வந்தாள். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"கூடப் பிறந்தவனை ஊரே கேக்கற மாதிரி ரேடியோவுல காட்டிக் குடுத்துட்டியேம்மா."

"அண்ணி, அவர் எழுதிக் குடுத்ததைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். பயத்துல எழுதிட்டாரு. நீ தனி ஆளு. உனக்கு லிஃப்ட் வேலை இருக்கு. அது போகாது. எங்களுக்கு அந்த லாரியை விட்டா என்ன இருக்கு? ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. ஆமா, நான்தான் பேசச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். அவருக்குப் பாதி குறையும்."

சொல்லிவிட்டு அண்ணி அழுதாள். அந்த அழுகை நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது. நிஜமான அழுகைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் பார்க்கிற நிலைக்கு அவள் வந்துவிட்டிருந்தாள். அண்ணன் பெண்கள் இரண்டும் அவள் மடியில் வளர்ந்தவை. அண்ணி போன பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'நான்தான் பேசச் சொன்னேன்' என்று எழுதிப் பார்த்தாள். கிழிக்கவும் இல்லை, கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. இரண்டு நாள் கைப்பையில் கிடந்தது.

மூன்றாம் நாள் ரொட்டி வேன் ஓட்டிய பெண்ணைப் பார்க்கப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அந்தப் பெண் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து உட்கார்ந்து, மடியில் வைத்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் யார், என்ன செய்தாள் என்பதை முழுக்கக் கேட்டாள். ஊசியை நிறுத்தவில்லை.

"நீங்க தப்புப் பண்ணினதைச் சொல்ல வந்தீங்களா, ஏமாந்ததைச் சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டையும் கலக்காதீங்க. கேக்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த கிரேன்காரர் உங்க அண்ணனா? அவர் வந்தாரே."

"எங்க?"

"அங்கதான், மூணாவது வளைவுக்கு. மோதின கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாரு. உள்ள எட்டிப் பார்த்தாரு. என் காலைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு. கையில நீங்க சொன்ன மாதிரி ஒரு செட் வெச்சிருந்தாரு. அதுல யாரையாவது கூப்பிடுங்க அண்ணேன்னு கெஞ்சினேன். 'இது இங்க வேலை செய்யாதும்மா, கீழ போய் போன் பண்றேன்'னு சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுஷன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

அவள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். செட் அங்கே வேலை செய்யும். அந்த வளைவிலிருந்து மையத்துக்குப் பேச வேண்டும் என்றுதானே பூட்டையே எடுத்தாள்? ஒரு பொத்தான்; ஒரே ஒரு வார்த்தை. திருப்பி அனுப்பிய குரலும் உதவிக்குக் கூப்பிடும் குரலும் ஒன்றென்று கண்டுபிடித்துவிடுவார்களே என்று செட்டைக் கையில் வைத்துக்கொண்டே மலையிறங்கிப் போயிருக்கிறான். உயிர் போகிற நேரம் வந்தது. அதுவும் அவன் சொன்ன அதே இடத்தில். அப்போது அவன் பேசவில்லை.

"இதை ஆய்வாளர்கிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியே."

"நான் கேக்கச் சொல்றேன்" என்றாள். கைப்பையில் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் அடுத்த பொத்தானை எடுத்தாள்.

விசாரணை நாலு மாதம் நடந்தது. அவள் தன் தப்பை ஒரு நாளும், அண்ணன் செய்ததை இன்னொரு நாளும் தனித்தனியாகச் சொன்னாள். அவளுடைய உரிமத்தை ஐந்து வருடத்துக்கு முடக்கினார்கள். அண்ணனுக்கு அந்தச் சாலையில் கிரேன் ஓட்டும் அனுமதியே போயிற்று. ரொட்டி வேன் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அண்ணி அதன் பிறகு போன் எடுப்பதில்லை. பெண்களில் பெரியவள் மட்டும் எப்போதாவது, 'அத்தை, நல்லாருக்கியா' என்று ஒரு வரி அனுப்புவாள். அவளும் ஒரு வரி பதில் அனுப்புவாள்.

கடைசி நாள் விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்து பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், சவரம் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்து நின்றாள். திட்டுவான் என்றாலும் சரி, அதையும் கேட்டுக்கொள்வதென்று நின்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான்.

"பாப்பா, அந்தச் செட்டை நம்ம கிட்ட திருப்பிக் குடுப்பாங்களா?"

அவள் அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மூணாவது ரூம்ல கேளு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது. நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறுகிறார்கள் என்று காலையிலிருந்து மூன்று தடவை போன் வந்துவிட்டது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.